பத்தொன்பதாவது கம்பம்

மின்கம்பங்களை எடுக்கப் போகிறார்கள். கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோகிறார்களாம். கடற்கரை ஊருக்கு அது நல்லதுதான். ஐப்பசி, கார்த்திகையில் காற்று அடித்தாலும் விளக்கு அணையாது. இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் மின்வாரியத்துக்காரர் அல்லர். நான் கடைசியாக வேலை பார்த்த வட்டாட்சியர் அலுவலகத்தில் இப்போது துணை வட்டாட்சியராக இருக்கும் தம்பி, போன மாதம் ஃபோன் செய்தார்.

"மேடம், ஆடி வருது. கம்பம் இல்லேன்னா மேளம் எங்கன நிக்கணும்னு எதை வச்சு எழுதுறது?"

நம் வருவாய்த் துறை இதழைப் படிப்பவர்களில் பலருக்கு இந்தக் கேள்வி உடனே விளங்கும். விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஊரில் இரண்டு தரப்புக்குள் திருவிழாவிலோ, தெருவிலோ, ஊருணியிலோ மோதல் வரும் என்று தெரிந்தால், வட்டாட்சியர் இரு தரப்பையும் அழைத்து உட்காரவைப்பார். பேசி முடித்து ஒரு தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார். அதற்குச் சமாதானக் கூட்டம் என்று பெயர். வெளியே அது செய்தியாகாது. கூட்டம் சரியாக நடந்தால் அதற்குப் பிறகு எதுவுமே நடக்காது, நடக்காத ஒன்றை யாரும் அச்சில் போடுவதில்லை. இருபத்தெட்டு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்த வேலையில் பெரும்பகுதி இப்படி ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டதுதான்.

ஒரே ஒரு முறை நடக்கப் பார்த்தது. அது என் தவறு. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பரமக்குடியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தபால் பதிவேடு, பட்டா நகல், வாக்காளர் பட்டியல் என்று ஏழெட்டு வருடம் போனது. பிறகு சாயல்குடிப் பக்கம் வருவாய் ஆய்வாளர் ஆனேன். அங்கேதான் அருளானந்து சார் எனக்கு வட்டாட்சியராக வந்தார்.

ஒல்லியான மனிதர். குரல் மேலே போகாது. கூட்டம் பதினொரு மணிக்கு என்றால் பத்தரைக்கு வந்து, நாற்காலிகளைத் தாமே இழுத்துப் போடுவார். மேசையைச் சுவரோரம் தள்ளிவிடுவார். "மேசை இருந்தா தட்டத் தோணும்மா" என்பார். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் முதல் முக்கால் மணி நேரம் அவர் எதுவும் பேசமாட்டார். கத்துகிறவர்கள் கத்தட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பழைய சண்டை, பாட்டன் காலத்துச் சண்டை எல்லாம் வந்து போகும். குரல்கள் தணியும்போதுதான் டீ வரும். டீக்குப் பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

என் முதல் கூட்டத்தில் தீர்மானத்தை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். இரண்டு கிராமங்கள், ஒரே ஊருணி. நானும் நல்ல தமிழில் எழுதினேன்: 'இரு தரப்பினரும் இனி சுமுகமாக நடந்துகொள்வதென ஒருமனதாக ஒப்புக்கொண்டனர்.' அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுமுகம்னா எத்தனை அடிம்மா?"

எனக்குப் புரியவில்லை.

"நாளைக்கு அங்கன தகராறு. ராத்திரி பகலா நின்ன ஏட்டு ஒருத்தர் இந்தத் தாளை விரிச்சுப் பாக்குறார். சுமுகமா இருக்காங்களா இல்லையான்னு அவர் எதை வச்சு அளப்பார்? எந்தப் படித்துறை, எத்தனை மணியிலேருந்து எத்தனை மணி, எத்தனை குடம். அதை எழுது. மனசை எழுதாதே. மனசு நம்ம அதிகாரத்துல இல்ல."

அன்றைக்கு அடித்து எழுதியது ஒன்பது முறை.

கையெழுத்து வாங்குவதிலும் அவருக்கு ஒரு வழி இருந்தது. யார் முதலில் போடுவது என்பதே எங்கள் பக்கத்தில் ஒரு சண்டை. அவர் தாளின் அடியில் ஒரு வளையலை வைத்து வட்டம் போடுவார். வட்டத்தைச் சுற்றி எங்கே வேண்டுமானாலும் போடலாம், அதில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. வளையல் என்னுடையது. அதற்கு முன் அவர் தம் மனைவியின் வளையல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தாராம். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு தரப்பும் மற்ற தரப்பு ஒப்புக்கொண்டதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். "நாங்க என்ன செய்வோம்னு சொல்லாதீங்க. அவங்க என்ன செய்வாங்கன்னு சொல்லுங்க." இதில்தான் பாதிப் பிழைகள் பிடிபடும்.

இரண்டு பழக்கங்களை அவர் எக்காரணம் கொண்டும் விடமாட்டார். ஒன்று, ஜீப். ஓட்டுநர் வண்டியைத் திருப்பி, ஊரைவிட்டு வெளியேறும் பக்கம் முகம் வைத்து நிறுத்தினால் இறங்கமாட்டார். "கூட்டம் மொதல்ல பாக்குறது நம்ம மூஞ்சியை இல்ல, ஜீப்போட மூஞ்சியை. அது ஓடத் தயாரா நின்னா, 'ஆபீசருக்கே தெரிஞ்சிருச்சு, இன்னைக்கு வெட்டுக்குத்துதான்'னு முடிவு பண்ணிருவான்." வேறொரு ஊரில் அப்படி வண்டியைத் திருப்பிய பத்தாவது நிமிடம் கடைகளின் ஷட்டர்கள் இறங்கியதையும், இருபதாவது நிமிடம் முதல் கல் விழுந்ததையும் அவர் பார்த்திருக்கிறார்.

மற்றொன்று, நடை. எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, விழாவுக்கு முதல் நாள், இரு தரப்பிலும் ஒவ்வொருவரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாதை முழுவதையும் நடந்து பார்ப்பது. ஒருமுறை அப்படிப் போனபோது, புதிதாகக் கட்டிய ஒரு கடையின் தகரக் கூரை தெருவுக்குள் நீண்டு, தலையில் முளைப்பாரி வைத்து வரும் பெண்கள் குனிந்தால்தான் போக முடியும் என்ற உயரத்தில் இருந்தது. குனியச் சொன்னாலே குத்து விழும் ஊர் அது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே தகரத்தை அவிழ்த்துவிட்டார். தாளில் அந்தத் தகரம் இல்லை. நடந்ததால் தெரிந்தது.

அவரோடு நான் போன மிகப் பெரிய கூட்டம் கடலைப் பற்றியது. அக்கரையிலிருந்து, இலங்கைப் பக்கத்து மீனவர்கள் சிலர் வந்திருந்தார்கள். இந்தப் பக்கம் விசைப்படகுக்காரர்கள். குறிப்பெடுக்க நான். இரு பக்கமும் தமிழ்தான், அதனால் வசவுகள் எல்லாம் முழுசாக விளங்கின. எங்கள் ஆள் ஒருவர், "எங்க அய்யா காலத்துலேருந்து அங்கனதான் வலை போடுறோம், இப்ப வந்து கோடு காட்டுறீகளோ?" என்று எழுந்து நின்றார். அக்கரைக்காரர் ஒருவர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஐயா, நான் கோட்டைப் பற்றிக் கதைக்கேல்லை. விடியப் போய்ப் பார்த்தால் எங்கட வலை இல்லை, உங்கட படகு அறுத்த கயிறுதான் கிடக்குது. என்ரை மகன் அடுத்த முறை கத்தியோட போறன் எண்டு நிக்கிறான்."

கடல் யாருடையது என்ற கேள்விக்குப் போகவே அருளானந்து சார் விடவில்லை. அதைத் தில்லியும் கொழும்பும் பேசட்டும். எந்தெந்தக் கிழமை யார் வலை நீரில் கிடக்கும் என்பதை மட்டும் எழுதவைத்தார். அந்த ஏற்பாடு சில மாதங்கள் நின்றது. பிறகு முறிந்தது. முறிந்ததைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் உண்டு. அந்தச் சில மாதங்களில் அந்த மகன் கத்தியோடு போகவில்லை. என் கணக்கில் அது போதும்.

இனி அந்த ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஆட்கள் இன்னும் சேர்ந்து வாழ வேண்டியிருக்கிறது.

கிழக்கே கடல். மேற்கே அம்மன் கோயில். இரண்டையும் சேர்க்கும் நீளமான ஒரே தெரு. மேற்குப் பாதியில் இந்துக் குடும்பங்கள், கிழக்குப் பாதியில் முஸ்லிம் குடும்பங்கள், அந்தக் கிழக்குப் பாதியில் பள்ளிவாசல். ஆடியில் முளைப்பாரி கோயிலில் கிளம்பி இந்தத் தெரு வழியாகக் கடலுக்குப் போகும். பள்ளிவாசலுக்குக் கொஞ்சம் முன்பு மேளம் நிற்கும். பெண்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள். பள்ளிவாசல் பக்கத்து ஆட்கள் பெஞ்சு போட்டு நன்னாரி சர்பத் கொடுப்பார்கள். கொஞ்சம் தள்ளிப் போனதும் மேளம் மறுபடி தொடங்கும். எத்தனையோ தலைமுறை வழக்கம். நடுவில் ஒருமுறை தகராறு வந்து, அருளானந்து சார்தான் அதை எழுத்தில் கொண்டுவந்தார். மின்வாரியம் கம்பங்களில் மஞ்சள் பெயிண்டில் எண் போட்டிருந்தது. கோயிலிலிருந்து எண்ணினால் பதினான்காவது கம்பத்தில் மேளம் நிற்க வேண்டும், பத்தொன்பதாவது கம்பத்தில் தொடங்கலாம். பள்ளிவாசல் வாசல் பதினேழாவது கம்பத்தின் எதிரில். யாரும் மறுக்க முடியாத அளவு. ஒன்பது வருடம் ஒரு சிறு முணுமுணுப்புகூட இல்லை.

பத்தாவது வருடம் நான் அங்கே துணை வட்டாட்சியர். சார் ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார். அந்த வருடம் வேறெங்கோ நடந்த ஒரு தகராறின் வீடியோ எல்லார் ஃபோனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. இரு பக்கத்து இளைஞர்களும் முறைப்பாக இருந்தார்கள். ஆனால் கூட்டத்துக்கு வந்த பெரியவர்கள் இருவரும், கோயில் தரப்பில் முனியசாமி அண்ணன், ஜமாத் தரப்பில் சேகு பாய், சிறு வயதிலிருந்து மாமா மச்சான் என்று பழகியவர்கள்.

"போன வருசம் மாதிரியே போட்டுருங்கத்தா, இதுல பேச என்ன இருக்கு" என்றார் முனியசாமி அண்ணன்.

"சர்பத்துல மட்டும் போன வருசம் மாதிரி தண்ணியக் கூட்டாதீங்க மச்சான்னு எழுதச் சொல்லு" என்றார் முனியசாமி அண்ணன் தரப்பில் ஒருவர். சேகு பாய் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நாற்பது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

நான் கணினியில் போன வருடத் தாளை எடுத்து, தேதியை மாற்றி, அச்சடித்து, வளையல் வைத்து வட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் நடக்க வேண்டும். அன்றைக்கு வாக்காளர் பட்டியல் வேலை குவிந்து கிடந்தது. ஒன்பது வருடம் நடந்த பாதைதானே என்று நினைத்தேன். நடக்கவில்லை.

முந்தின மழைக்காலப் புயலில் அந்தத் தெருவில் கம்பங்கள் சாய்ந்திருந்தன. புதிதாக நட்டபோது ஆறாவது கம்பத்தை அடுத்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அதற்காக இரண்டு கம்பங்கள் கூடுதலாகப் போட்டு, வரிசையாகப் புது எண் எழுதியிருந்தார்கள். பழைய பதினேழு இப்போது பத்தொன்பது. அதாவது என் தாளின்படி, மேளம் மறுபடி தொடங்க வேண்டிய இடம் பள்ளிவாசலின் வாசல்.

விழா நாள். நாலு மணி இருக்கும், ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நான் சர்பத் பெஞ்சு பக்கம் நின்றேன். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஐந்து போலீஸார். ஜீப்பின் முகம் தெருவைப் பார்த்துத்தான் நின்றது. மேளம் வழக்கமான இடத்துக்கு இரண்டு கம்பம் முன்னாலேயே நின்றுவிட்டது. வெளியூர் மேளம், இடம் தெரியவில்லை போலிருக்கிறது, முன்னால் நிறுத்தினால் நல்லதுதான் என்று நினைத்தேன். அப்போதாவது நான் நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்திருக்கலாம்.

உள்ளே அஸர் தொழுகை தொடங்கியிருந்தது. பெண்கள் முளைப்பாரிச் சட்டிகளோடு அமைதியாக வந்தார்கள். மேளக்காரர்கள் பள்ளிவாசல் வாசலுக்கு நேரே வந்ததும், இடி விழுந்த மாதிரி அடிக்கத் தொடங்கினார்கள்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். பெஞ்சு அருகே இருந்த நாலைந்து பேர் பாய்ந்து வந்தார்கள். ஒருவன் மேளக்காரர் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினான்.

"ஏலே, என்னலே பண்றீக? தொழுகை நடக்குறது காது கேக்கலையா?"

முனியசாமி அண்ணனின் அக்காள் மகன் கார்த்தி முன்னால் வந்தான். வெளியூர் மேளத்தைப் பேசி அமர்த்தியவன் அவன்தான். கையில் ஃபோன். அதில் என் தாளின் படம்.

"கண்ணு தெரியலையா ஒனக்கு? பத்தொம்பதுல அடிக்கலாம்னு எழுதியிருக்கு. இந்தா பத்தொம்பது. ஒங்க ஆளுக கையெழுத்தும் இருக்குல்ல? ஒரு அடி கூடுதலாவும் அடிக்கல, குறைவாவும் அடிக்கல."

"பேப்பரக் காட்டுறான் பாரு பேப்பர! வருசா வருசம் எங்கனடா அடிப்பீக?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் பெயிண்ட், 19. இருவரும் சொல்வது சரி. இரண்டு சரிகளையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்தியது நான்.

எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. மேளக்காரப் பையன் ஒருவனின் காதோரம் கிழிந்து ரத்தம் வழிந்தது. இன்னொரு கல் டீக்கடைக் கூரையை உடைத்தது. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். மேற்கிலிருந்து கோயில் தெரு இளைஞர்கள் ஓடி வந்தார்கள். நடுவில் தலையில் சட்டியோடு அறுபது எழுபது பெண்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் என் காதருகே வந்தார். "மேடம், நீங்க ஒரு வார்த்தை சொன்னா தடியடி நடத்திக் கலைச்சிருவோம்."

நிர்வாக நடுவர் என்ற முறையில் அந்த ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. அந்தக் குறுகலான தெருவில், அத்தனை பெண்களுக்கு நடுவில் தடியைச் சுழற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்போது என் ஃபோன் அடித்தது. என் மகள் சுபா.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கணக்கு டியூஷனுக்கு மும்தாஜ் டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த வீடு அதே தெருவில், பள்ளிவாசலைத் தாண்டி, நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு கம்பத் தூரம்.

"அம்மா, என்ன சத்தம்? நீ வெளியிலதான இருக்க? நான் வரவா?"

"வேணாம். அங்கயே இரு" என்றேன். வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற பெண் காவலருக்கு என் மகளைத் தெரியும். "மேடம், பாப்பாவ நான் ஓடிப்போய் கூட்டியாந்து ஜீப்ல உக்கார வச்சிர்றேன். அரை நிமிசம்" என்றார். ஏற்கெனவே ஓரடி எடுத்து வைத்துவிட்டார்.

மேலே பார்த்தேன். மாடி ஜன்னல்கள் எல்லாவற்றிலும் முகங்கள். கீழே இரு பக்கத்துக் கூட்டமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. தாசில்தாரம்மா தன் மகளை அந்தத் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறாள் என்றால் அதற்கு என்ன பொருள் என்று அந்தத் தெருவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜீப்பைத் திருப்பி நிறுத்துவதுதான் அது.

பெண் காவலரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம். அவ இருக்கட்டும்."

பிறகு சர்பத் பெஞ்சின் மேல் ஏறினேன். என்ன பேசினேன் என்பது வீடியோவில் இருக்கிறது, ஊரெல்லாம் சுற்றியது. எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்.

"தப்பு என்னோடது. கோயில்காரவுக தப்பு இல்ல, பள்ளிவாசல்காரவுக தப்பு இல்ல. கம்பத்து நம்பர் மாறியிருக்கு. நான் நேத்து வந்து நடந்து பாத்திருக்கணும். பாக்கல. பழைய நம்பரையே எழுதிட்டேன். இப்ப நடக்கப் போறேன். முனியசாமி அண்ணே, சேகு பாய், ரெண்டு பேரும் என் கூட வாங்க. நாங்க எண்ணிட்டு வார வரைக்கும் எல்லாரும் நிக்கிற இடத்துலயே நில்லுங்க. தாய்மாருக சட்டிய எறக்கி வைங்க."

ஒரு பையன் கத்தினான்: "கவர்மெண்டே ஒத்துக்கிருச்சுடா!" யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக அவனுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

முனியசாமி அண்ணன் சாமியோடு கூட்டத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்தவர். விலக்கிக்கொண்டு வந்தார். சேகு பாய் தொழுகையிலிருந்து வெறுங்காலோடு வந்திருந்தார். மூவரும் மேற்கே திரும்பி நடந்தோம். அதாவது என் மகள் இருந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"பதினெட்டு" என்றார் முனியசாமி அண்ணன். "பதினேழு" என்றார் சேகு பாய். சத்தம் போட்டு எண்ணச் சொன்னேன், இரு பக்கத்துக்கும் கேட்கட்டும் என்று. ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் ஒரு கம்பத் தூரம் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எல்லோரும் அந்தப் பக்கம் பார்ப்பார்கள். பதினொன்றாவது கம்பத்தருகே பின்னால் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. நின்றுவிட்டேன். சேகு பாய் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், டீச்சர் அவருடைய தங்கை மகள்தான்.

"நடங்க தங்கச்சி" என்றார் தணிந்த குரலில். "பத்து."

ஆறாவது கம்பத்துக்கு வந்து சேர்ந்தோம். புது டிரான்ஸ்ஃபார்மரும் இரண்டு புதுக் கம்பங்களும் அங்கே நின்றன. சேகு பாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் மச்சான், இந்த ரெண்டு கம்பத்துக்கா இம்புட்டுக் கூத்து?"

"ரெண்டு கம்பத்துக்கு எத்தனை உசுரு போயிருக்குமோ" என்றார் முனியசாமி அண்ணன்.

அந்தக் கம்பத்தில் தாளை வைத்து, பதினான்கை அடித்துப் பதினாறு என்றும், பத்தொன்பதை அடித்து இருபத்தொன்று என்றும் திருத்தினேன். மூவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டோம். திரும்பி நடந்தபோது தொழுகை முடிந்திருந்தது. கல்லெறிந்தவர்களுக்கும் கை தளர்ந்திருந்தது. பெண்கள் நிழலில் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் கேட்ட சத்தம், ஒரு சர்பத் கண்ணாடித் தம்ளர் உடைந்தது.

பையனின் காதில் மூன்று தையல், டீக்கடையில் ஒரு கூரைத் தகடு. மொத்தச் சேதம் இவ்வளவே.

ஊர்வலம் கிளம்பியது. இருபத்தொன்றாவது கம்பத்தில், மும்தாஜ் டீச்சர் வீட்டு வாசலுக்கு நேரே, மேளம் தொடங்கியது. சுபா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீ அங்கனதான நின்ன? என்னைய ஏம்மா கூப்பிட வரல?"

எனக்குப் பதில் தெரியும். அதைப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பத்து நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அன்றைக்கு மாலையே அருளானந்து சாருக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நேத்து நடந்தியாம்மா?" இல்லை என்றேன். "சரி" என்றார். அந்தச் 'சரி'யைவிடப் பெரிய தண்டனையை அதற்குப் பின் வந்த குறிப்பாணை எனக்குத் தரவில்லை. தல ஆய்வு செய்யத் தவறியது, பொது இடத்தில் அரசின் மதிப்புக்குக் குறைவு ஏற்படும்படி பேசியது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். முதலாவதை ஒப்புக்கொண்டேன். இரண்டாவதற்கு, 'மறுபடி நேர்ந்தாலும் அப்படியே பேசுவேன்' என்று எழுதிக் கொடுத்தேன். ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள்.

மூன்று மாதம் கழித்து மும்தாஜ் டீச்சரைக் கடைவீதியில் பார்த்தேன். அப்போதுதான் சொன்னார். அந்தக் கால் மணி நேரத்தில் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக அவர் வீட்டு வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். "ஆபீசரம்மா மக இருக்கா?" என்று கேட்பது. "இருக்கா" என்றால், "அப்பன்னா ஒண்ணும் ஆகாது" என்று போய்த் தம் பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்து வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது. டீச்சர்தான் சுபாவை, காற்று வரும் என்று சொல்லி வாசற்படியில் உட்காரவைத்திருக்கிறார், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி.

"மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார். மன்னிக்க என்ன இருக்கிறது? அவரும் நானும் பேசிக்கொள்ளாமலே ஒரே காரியத்தைச் செய்திருக்கிறோம். என் பிள்ளையை, அவளுக்குத் தெரியாமல், ஒரு தெருவுக்கு ஈடாக வைத்தோம். அது சரியான முடிவு. அதற்காக நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் ஐந்து வருடமாக என்னிடம் சேர்ந்தே இருக்கின்றன.

இன்னும் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் முதல் நாள் நடந்தேன். மழையில் நடந்தேன், காய்ச்சலோடு நடந்தேன். பிறகு விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். மேளச் சத்தம் கேட்டால் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நடுங்கும் கையைக் கூட்டத்துக்குக் காட்டக் கூடாது.

கம்பம் இல்லாவிட்டால் எதை வைத்து எழுதுவது என்று கேட்ட தம்பியிடம் நான் சொன்னது: "எதை வச்சுன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. ரெண்டு பேரையும் கூட்டிட்டு நடங்க. அவங்க வாயில என்ன அடையாளம் வருதோ, அதை எழுதுங்க. அடுத்த வருசமும் நடங்க." இளைய நண்பர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ட்ரோன் இருக்கிறது, வாட்ஸாப் குழு இருக்கிறது, கணினியில் படிவம் இருக்கிறது. எல்லாம் இருக்கட்டும். கால்களும் இருக்கட்டும்.

நேற்று மாலை அந்தத் தம்பி மறுபடி அழைத்தார். மதுரையில் வேலை பார்க்கும் சுபா விடுமுறைக்கு வந்து, எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன்.

"நடந்தோம் மேடம். மேளம் நிக்கிற இடம் கடைவீதி முக்கு அடிகுழாய்னு முடிவாயிருச்சு. தொடங்குற இடத்துக்குத்தான் சிக்கல். ரெண்டு தரப்பும் ஒரே அடையாளம்தான் சொல்றாங்க. 'தாசில்தாரம்மா மக உக்காந்திருந்த படி'ங்கிறாங்க. அப்படி எழுத முடியாதுல்ல? இப்ப டீச்சரும் அங்க இல்ல. ஒரே மாதிரி நாலு வீடு இருக்கு. உங்களுக்குக் கதவு எண் தெரிஞ்சா..."

கதவு எண் எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். சுபா கீரைத்தட்டைக் கீழே வைத்தாள்.

"கதவு நம்பர் வேணாம்னு சொல்லும்மா" என்றாள். "அதையும் மாத்திருவாங்க. நான் வந்து உக்காந்து காட்டுறேன்னு சொல்லு."

நான் ஃபோனைக் கையில் எடுத்தேன்.

"தம்பி, ரெண்டு தரப்பையும் நாளைக்குப் பத்து மணிக்கு அடிகுழாய்கிட்ட வரச் சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரா வாரோம்."